தையல் மட்டும்தானா?



அண்மையில் ஒரு தாய் மகளுடன் வந்தார். 2009இல் கணவரை இழந்தவர். "இவள் மெக்கானிக் படிக்கப் போறாளாம். தையலுக்கு விடச் சொல்லுங்கோ மிஸ்" என்றார்.

"உங்கள் ஒழுங்கையில் எத்தனை தையல் மெசின்?" என்று கேட்டேன்.

எண்ணிப் பார்த்து, "ஆறு" என்றார்.

"உழவு இயந்திரம் பழுதானால்?"

"ரவுணுக்குத்தான் கொண்டுபோக வேணும்."

மகள் சிரித்தாள். தாய் சிரிக்கவில்லை. "பொம்பிளைப் பிள்ளை, தனியப் போய் வரவேணுமே" என்றார்.

அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதற்காகப் படிப்பை விடவேண்டியதில்லை, விசாரித்துப் பார்க்கலாம். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனம், மின்சாரம், உணவுத் தொழில்நுட்பம் போன்ற கற்கைநெறிகள் உண்டு. பெண்களும் சேரலாம்.

எங்கு சேர்ந்தாலும் முதலில் மூன்று விடயங்களைக் கேளுங்கள். தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் கிடைக்குமா, அதன் 7 மட்டங்களில் எந்த மட்டம்? தங்குமிடமும் போக்குவரத்தும் எப்படி? நம் ஊரில் அத்தொழிலுக்குத் தேவை உண்டா?

நான் சமூகவியல் எடுத்தபோதும், "இதைப் படித்து என்ன செய்வாய்?" என்றுதான் கேட்டார்கள். இன்று உங்களோடு பேசுவது அந்தப் படிப்பால்தான்.

அந்தத் தாய் இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் இடத்தை நேரில் பார்க்க மகளோடு போக ஒப்புக்கொண்டிருக்கிறார். நீங்களும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.