தண்ணீர் எங்கே போய் உட்காருகிறது?

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. நடுவில் சோப்பு மாதிரி ஒரு பொருள் நின்று சமாதானம் செய்தால் ஒட்டும். மைக்ரோஎமல்ஷன் என்பது இதுதான். துளிகள் நானோமீட்டர் அளவில் இருப்பதால் பால் போல வெளுக்காமல் தெளிவாக இருக்கும். தண்ணீருக்குப் பதில் அயனித் திரவத்தை, அதாவது அறை வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும் உப்பை, வைத்தும் இதைச் செய்யலாம் என்று 2004, 2005 வாக்கில் ஆய்வுகள் வந்தன.

சரி, அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டால்?

பியூட்டைல்மெதில்இமிடசோலியம் டெட்ராஃபுளோரோபோரேட், ட்ரைட்டான் எக்ஸ்-100, பென்சீன் சேர்ந்த கலவையை எடுத்துக்கொள்வோம். இந்த அயனித் திரவம் அறை வெப்பநிலையில் தண்ணீரோடு தாராளமாகக் கலக்கும். ஆகவே தண்ணீர் நேராகத் துளியின் நடுக்கூடத்துக்குப் போய்விடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அகச்சிவப்பு, என்எம்ஆர் ஆய்வுகள் காட்டியது வேறு. தண்ணீர் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுகிறது! ட்ரைட்டானின் எத்திலீன் ஆக்சைடு சங்கிலிகளோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொண்டு, துளியின் விளிம்பைப் பலப்படுத்துகிறது.

அப்படியிருக்க, தண்ணீரை வெறும் அசுத்தம் என்று ஒதுக்குவது சரியில்லை. அது அந்தக் கலவையின் நான்காவது உறுப்பினர்.

"ஒரு சதவீதத் தண்ணீருக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீரின் மூலக்கூறு எடை 18, இந்த உப்பின் எடை 226. எடையில் 1 சதவீதம் என்றால், சுமார் எட்டு அயனி ஜோடிக்கு ஒரு தண்ணீர் மூலக்கூறு. இது சின்ன விஷயமா?

இந்தத் திரவங்கள் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். மூடியைத் திறந்து வைத்தாலே கலவை மாறத் தொடங்கிவிடும். தண்ணீரின் அளவைக் குறிப்பிடாமல் 'உலர்த்தப்பட்டது' என்று ஒரு வார்த்தையோடு முடிக்கும் சோதனைக் குறிப்பை இன்னொரு ஆய்வகம் எப்படித் திரும்பச் செய்து பார்க்கும்?

ஆபத்தும் உண்டு. தண்ணீரும் சூடும் சேர்ந்தால் டெட்ராஃபுளோரோபோரேட், ஹெக்ஸாஃபுளோரோபாஸ்பேட் அயனிகள் சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரலாம். அது கண்ணாடியையே அரிக்கும்; தோலில் பட்டால் ஆழமாக இறங்கும். ஆவியாகாது என்பதற்காக மட்டும் 'பசுமைக் கரைப்பான்' பட்டம் கொடுத்துவிட்டு இதை மறப்பது நியாயமில்லை.

கார்ல் ஃபிஷர் முறையில் தண்ணீரை அளக்கச் சில நிமிடங்கள் போதும். சேர்ப்பதற்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை அளந்து, அந்த எண்ணை எழுதிவிட வேண்டும். அது இல்லாத முடிவுகளை அரைகுறை என்று சொல்வதில் தவறே இல்லை.