டைமிங் தெரிந்த கை

உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014 மே மாதம் உற்பத்தி நின்றபோது அம்பாசடருக்கு நாடெங்கும் பத்திரிகைகள் இரங்கல் எழுதின. வண்டிகள் அதைப் படிக்கவில்லை. கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் போன்ற பகுதிகளில் பழைய பெட்ரோல் அம்பாசடரை விட மனமில்லாதவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சோதனைக் காலம் மழைக்காலம்தான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் புகுந்தால் போதும், எஞ்சின் கிளம்ப மறுக்கும். உடனே யாராவது யோசனை சொல்வார்கள்: முழு டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றிவிடுங்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அந்த 1489 சி.சி. எஞ்சினின் நான்கு சிலிண்டர்களுக்கும் 1-3-4-2 என்ற வரிசையில் மின்பொறியைப் பங்கிடுவது இதன் வேலை. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது விநாடிக்கு 100 பொறி. பொறி முந்தினால் எஞ்சின் 'டக் டக்' என்று தட்டும். பிந்தினால் சூடேறும், மேடு ஏறத் திணறும், பெட்ரோலைக் குடிக்கும்.

முதலில் மூடியைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடையுங்கள். உள்ளே முடிபோல கறுப்புக் கோடு ஓடியிருந்தால் மூடியை மட்டும் மாற்றினால் போதும். பாயின்ட் கருகியிருந்தால் பாயின்ட்டும் கண்டென்சரும். அடுத்து, ரோட்டார் உட்காரும் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. பாயின்ட் இடைவெளி சுமார் 0.4 மி.மீ. இருக்க வேண்டும்; தண்டு ஆடினால் சிலிண்டருக்குச் சிலிண்டர் அது மாறும். எத்தனை முறை டைமிங் வைத்தாலும் நிற்காது. டிஸ்ட்ரிபியூட்டரை மாற்ற வேண்டிய நேரம் அதுதான்.

பழைய உதிரி பாகங்களுக்குப் பேர்போன மல்லிக் பஜாரில் தேடலாம். ஆனால் வெளித்தோற்றத்தை நம்ப வேண்டாம். வேகத்துக்கேற்பப் பொறியை முன்னே தள்ளும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் எஞ்சினுக்கு எஞ்சின் வேறு. உடலில் பொறித்த எண்ணை ஒப்பிட்டு வாங்குங்கள்.

கழற்றும் முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, எஞ்சினை டைமிங் குறிக்குக் கொண்டுவந்து, ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பிளக் ஒயர்களுக்கு எண் கட்டுங்கள். அதன்பின் எஞ்சினைச் சுழற்றவே கூடாது. தண்டின் அடிநாக்கு நடுவிலிருந்து சற்று விலகியிருப்பதால் ஒரே வாட்டத்தில்தான் பொருந்தும். கடைசியில் பேட்டரியை இணைத்து, சாவியைத் திருப்பி, காயிலிலிருந்து பாயின்ட்டுக்கு வரும் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு சிறு பல்பை மாட்டி, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்ப வேண்டும். பாயின்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அங்கே இறுக்குங்கள்.

இதைச் செய்யும் கைகள்தான் குறைந்துவருகின்றன. இன்றைய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. கம்ப்யூட்டர் கணக்குப் பார்க்கிறது. டீசல் எஞ்சினுக்கோ பொறியே தேவையில்லை. எனவே புதிய பையன்களுக்கு இந்த வேலை பழக வாய்ப்பில்லை. தனியார் காருக்கு 15 ஆண்டு கடந்தபின் 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்த நேரத்தில் டைமிங் தவறிப் புகை கக்கும் வண்டியை, எஞ்சினே போய்விட்டது என்று எண்ணிக் காயலான் கடைக்குத் தள்ளிவிடுவது சுலபம்.

அடுத்த முறை உங்கள் பழைய மெக்கானிக் டைமிங் வைக்கும்போது, பக்கத்தில் ஒரு பையனையும் நிறுத்திச் சொல்லித்தரச் சொல்லுங்கள். அதற்காகக் கூலியைக் கூட்டிக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.