உராரா ஏன் கடைசியாக வருகிறாள்?

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அக்கா மகன் கைப்பேசியை என் முன்னால் நீட்டினான். "மாமா, வாராவாரம் கேம்ஸ் பத்தி எழுதுறீங்களே, இதைக் கொஞ்சம் பாருங்க. இன்னைக்கும் கடைசி."

திரையில் இளஞ்சிவப்புக் கூந்தலோடு ஒரு பெண் மூச்சு வாங்க நின்றிருந்தாள். 'உமாமுசுமே: பிரிட்டி டெர்பி' விளையாட்டின் ஹாரு உராரா. ஆறாவது முறையாக அவளை அரிமா கினென் பந்தயத்தில் ஓடவிட்டு, ஆறாவது முறையாகத் தோற்றிருக்கிறான். அதற்குள் முடிவும் எடுத்துவிட்டான். "நல்ல கார்டு இருந்தாத்தான் முடியும். சம்பளம் வந்ததும் இருநூறு வெள்ளி போடப் போறேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டே வாரக் கடைசியில் உணவகத்தில் தட்டு தூக்கிச் சம்பாதிக்கும் காசு அது. "ஒரு வாரம் பொறு. அதுவரைக்கும் காசு போடாதே. நானும் அம்மாகிட்ட சொல்லலை" என்றேன். ஒப்புக்கொண்டான்.

விளையாட்டை அறியாத பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஜப்பானின் சைகேம்ஸ் நிறுவனம் 2021 பிப்ரவரியில் அங்கே வெளியிட்ட இந்த விளையாட்டு, 2025 ஜூனில் ஆங்கிலத்தில் வந்தது. ஜப்பானின் உண்மையான பந்தயக் குதிரைகளின் பெயரில் பெண்கள் ஓடுகிறார்கள். நாம் அவர்களின் பயிற்சியாளர். பந்தயத்தில் பணம் கட்டும் வேலை இதில் இல்லை. ஆனால் புதிய கார்டு பெறுவதற்குக் குலுக்கல் உண்டு. பணம் போவது அந்த வழியில்தான்.

அவனுடைய ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்தேன். குறை கார்டில் இல்லை. நான்கு இடங்களில் தவறு செய்துகொண்டிருந்தான். புதிதாக ஆடுகிற பலரும் செய்யும் தவறுகள்தான் அவை.

முதல் தவறு, எல்லாவற்றிலும் கொஞ்சம். ஸ்பீட், ஸ்டாமினா, பவர், கட்ஸ், விட் என்று ஐந்து பயிற்சிகள். ஆறு சப்போர்ட் கார்டுகள் வைத்துக்கொள்ளலாம். ஐந்துக்கும் ஆளுக்கொன்று என்று பங்கு வைத்திருந்தான். பார்க்க நியாயமாக இருக்கும், பலன் தராது. ஒரு கார்டோடு நட்பு வளர்ந்து அதன் பட்டை ஆரஞ்சு நிறத்துக்கு வந்தபின், அந்தக் கார்டு தனக்குரிய பயிற்சியில் தோன்றினால் நட்புப் பயிற்சி கிடைக்கும். அப்போது புள்ளிகள் கணிசமாகக் கூடும். ஒரே வகைக் கார்டுகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே இடத்தில் நின்றால்தான் பெரிய எண்கள் வரும். எனவே இரண்டு வகைகளைத் தேர்ந்துகொண்டு அவற்றில் குவியுங்கள். முதல் ஆண்டில் எந்தப் பயிற்சி அதிக எண் காட்டுகிறது என்று பார்க்காமல், எங்கே அதிகம் பேர் கூடியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சேருங்கள். அந்த ஆண்டு நட்பை வளர்ப்பதற்கு. புள்ளிகள் பின்னால் வரும்.

இரண்டாவது, ஓய்வில்லாத உழைப்பு. மாதத்துக்கு இரண்டு முறை என்று மூன்று ஆண்டுகளுக்கு 72 வாய்ப்புகள். ஒன்றையும் வீணாக்கக் கூடாது என்று, தோல்வி வாய்ப்பு 30 விழுக்காடு என்று திரை எச்சரிக்கும்போதும் பயிற்சி பொத்தானை அழுத்தியிருந்தான். பயிற்சி தோற்றால் அந்த வாய்ப்பு போவதோடு இருக்கும் புள்ளியும் குறையும், மனநிலையும் இறங்கும். மனநிலை உச்சத்தில் இருந்தால் பயிற்சியின் பலன் 20 விழுக்காடு கூடும். அடிமட்டத்தில் இருந்தால் 20 விழுக்காடு குறையும். ஆகவே தொடக்கத்திலேயே வெளியே அழைத்துப்போய் மனநிலையை உயர்த்திவிடுவது லாபம். சக்தி பாதிக்குக் கீழே போனால் கவனம் தேவை. அந்த நேரத்தில் விட் பயிற்சி கைகொடுக்கும். மற்றவை சக்தியைக் குறைக்கும். இது கொஞ்சம் கூட்டும்.

மூன்றாவது, கோடைக்கால முகாம். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பயிற்சிகள் எல்லாமே உச்சமான ஐந்தாம் நிலையில் இருக்கும். ஒவ்வொரு முகாமிலும் நான்கே வாய்ப்புகள். இவன் களைத்துப்போய் முகாமுக்கு வந்து, அங்கே இரண்டு முறை படுத்துத் தூங்கியிருக்கிறான். ஜூன் கடைசியில் ஓய்வெடுத்துவிட்டுப் போயிருந்தால் நான்கையும் பயன்படுத்தியிருக்கலாம். தேர்வு நாளன்று தூங்கி வழிவதும் இதுவும் ஒன்றுதான் என்றேன். சிரித்தான்.

நான்காவதுதான் உராராவைக் கடைசிக்குத் தள்ளியது. அவள் மண் தரையில் குறுகிய தூரம் ஓடப் பிறந்தவள். அரிமா கினென் புல் தரையில் 2,500 மீட்டர். புல்லுக்கும் நீண்ட தூரத்துக்கும் அவளுடைய தகுதி ஜி, அதாவது கடைசிப் படி. அந்தப் படியில் நின்றுகொண்டு ஸ்பீடை எவ்வளவு ஏற்றினாலும் ஓட்டத்தில் தெரியாது. ஸ்டாமினா போதாமல் கடைசி நேர்கோட்டில் நின்றும் போவாள்.

தகுதியை உயர்த்தும் வழி பரம்பரையில் இருக்கிறது. பயிற்சி தொடங்கும்போது, ஏற்கெனவே வளர்த்து முடித்த இருவரைப் பெற்றோராக வைக்கிறோம். அவர்களுடைய பெற்றோர் நால்வரும் கணக்கில் சேர்வார்கள். இந்த ஆறு பேரின் இளஞ்சிவப்பு ஸ்பார்க்குகளில் ஒரே வகை நட்சத்திரங்கள் ஒன்று, நான்கு, ஏழு, பத்து என்று சேரும்போது தகுதி ஒவ்வொரு படியாக ஏறும். பெற்றோரில் ஒருவரை மற்ற ஆட்டக்காரரிடமிருந்து இரவல் வாங்கலாம். அவன் இதுவரை பெற்றோரை அழகு பார்த்துத் தேர்ந்திருந்தான்!

இப்போது பணக் கணக்குக்கு வருவோம். குலுக்கலில் மிக உயர்ந்த கார்டு விழும் வாய்ப்பு 3 விழுக்காடு. அந்த மூன்றுக்குள்ளும் நாம் கேட்கும் கார்டு ஒரு சிறு பங்குதான். உறுதியாகக் கையில் வேண்டுமென்றால் 200 முறை குலுக்க வேண்டும். ஒரு முறைக்கு 150 கற்கள் என்றால் 30,000 கற்கள். அந்தக் குலுக்கல் முடிந்துவிட்டால் சேர்த்த புள்ளிகள் அடுத்ததற்கு வராது. இத்தனைக்கும் பிறகு கிடைக்கும் ஒரு கார்டு அரை பலத்தில்தான் இருக்கும். அதன் முழுப் பலத்துக்கு அதே கார்டு ஐந்து தேவை. இருநூறு வெள்ளியை வைத்துக்கொண்டு அவன் எங்கே போய் நிற்பான்?

ஆனால் ஆறாவது கார்டை நண்பர் பட்டியலிலிருந்து இரவல் வாங்கலாம். முழுப் பலத்தில் உள்ள கார்டையே காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். அந்த இடத்தில் இவன் தன்னுடைய பழைய கார்டைப் போலவே இன்னொரு சாதாரணக் கார்டை வைத்திருந்தான்.

அந்த வாரம் முழுக்க அவன் உராராவைத் தொடவில்லை. புல்லுக்கும் நீண்ட தூரத்துக்கும் ஸ்பார்க் கிடைக்க வேறு ஆட்களை வளர்த்தான். ஒரு பயிற்சிக் காலத்துக்கு அரை மணி நேரமாவது ஆகும் என்பதால் நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். சனிக்கிழமை இரவு குறுஞ்செய்தி வந்தது. புல் தகுதி டி, தூரம் ஈ. ஸ்டாமினாவும் போதிய அளவு. அரிமா கினெனில் ஏழாவது இடம்.

"ஏழாவதுதானே?" என்று கேட்டேன். "மாமா, ஒன்பது பேரைத் தாண்டியிருக்கேன்!" என்று பதில் வந்தது.

உண்மையான ஹாரு உராரா ஜப்பானின் கோச்சி திடலில் ஓடிய பெண் குதிரை. 113 பந்தயங்களில் ஓடி ஒன்றில்கூட வென்றதில்லை. 2004ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி, ஜப்பானின் முன்னணி ஜாக்கி யுதாக்கா தாக்கே அவள்மீது ஏறி ஓட்டினார். அன்றும் 11 குதிரைகளில் 10ஆவது. ஆனால் அவளைப் பார்க்கத் திரண்ட கூட்டம், மூடப்படும் நிலையில் இருந்த அந்தத் திடலைக் காப்பாற்றியது. 2025 செப்டம்பரில் 29 வயதில் அவள் இறந்தபோது, இந்த விளையாட்டின் மூலம் அவளை அறிந்த உலகெங்குமுள்ள இளையர்கள் வருந்தினார்கள்.

அவனுக்குச் சம்பளம் வந்துவிட்டது. இருநூறு வெள்ளியும் வங்கியில் அப்படியே இருக்கிறது. "முதல்ல அஞ்சாவது வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறான். அம்மாவிடமும் அவனே சொல்லிவிட்டான். அக்கா கேட்ட ஒரே கேள்வி: "அந்தப் பொண்ணுக்கு ஜூன்ல ஓய்வு குடுத்தியே, உனக்கு எப்போ?"

வீட்டில் பிள்ளைகள் இந்த விளையாட்டை ஆடினால், குலுக்கல் பக்கத்தில் உள்ள வாய்ப்பு விவரத்தை அவர்களோடு உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். கணக்கை அவர்களே போட்டுப் பார்க்கட்டும்.