மண்டபத்தைத் திறந்துவிடுங்கள்!



தென்மேற்கு, வடகிழக்கு எனப் பருவமழை இரண்டையும் பெறும் மாவட்டம் நம்முடையது. ஆடிச் சாரலில் நனைந்த திடல் காய்வதற்குள் ஐப்பசி வந்துவிடுகிறது. உலகின் பிற பகுதிகள் குளிர்காலம் என்று சொல்லும் மாதங்கள், மணவாளக்குறிச்சிக்கும் குளச்சலுக்கும் தக்கலைக்கும் மழைக்காலமே. அம்மாதங்களில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்குத் திடல் இல்லை. அவர்கள் கைப்பேசியோடு ஒடுங்குகிறார்கள். மஃரிபுக்குப் பின் மதரஸாவுக்கு வரும்போது கண்கள் சிவந்து, மனம் வேறெங்கோ இருக்கிறது. ஓதிக்கொடுக்கும் நாங்கள் அன்றாடம் காணும் காட்சி இது.

அதே மாதங்களில், ஜமாஅத்தார் வரி கொடுத்தும் வெளிநாட்டில் உழைக்கும் சகோதரர்கள் பணம் அனுப்பியும் கட்டிய நிக்காஹ் மண்டபங்கள், விருந்தில்லாத நாள்களில் பூட்டிக் கிடக்கின்றன. எங்கள் கோரிக்கை ஒன்றே. மழைக்காலத்தில், வார நாள்களில், அஸ்ருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில், ஃபுட்சால் விளையாடுவதற்கு இம்மண்டபங்களைப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றித் திறந்துவிட வேண்டும்.

ஃபுட்சால் என்பது கூரைக்குக் கீழே ஆடும் கால்பந்து. 'மண்டபக் கால்பந்து' எனப் பொருள்படும் ஸ்பானிய, போர்த்துக்கீசியத் தொடர்களின் சுருக்கமே அப்பெயர். 1930ஆம் ஆண்டில் உருகுவே நாட்டின் மொண்டேவிடியோ நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சியாளரான ஹுவான் கார்லோஸ் செரியானி இதற்கு விதி வகுத்தார். ஒரு கிறித்தவச் சங்கம் தன் மண்டபத்தைப் பிள்ளைகளின் பந்துக்குத் திறந்துவிட்டதில் பிறந்த விளையாட்டு, இன்று உலகக் கோப்பை வரை வளர்ந்திருக்கிறது. நம் மண்டபத்துக்கு மட்டும் பந்து ஆகாதா?

அணிக்கு ஐவர். பந்து வழக்கமான கால்பந்தைவிடச் சிறியது, குறைவாகவே எழும்பும். ஆகவே சுவருக்குள் ஆடத் தோதானது. சர்வதேசப் போட்டிக்கல்லாத களத்துக்கு 25 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் போதும். அதைவிடச் சிறிய மண்டபத்தில் மூவர், நால்வராகப் பிரிந்து ஆடலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம் என்பதால், திறமை குறைந்த பிள்ளையும் ஓரத்தில் உட்கார்ந்தே வீடு திரும்ப வேண்டியதில்லை. ஓர் அணி ஒரு பாதியில் ஐந்து தவறுகளுக்கு மேல் இழைத்தால், ஆறாவதிலிருந்து எதிரணிக்குத் தடுப்புச் சுவர் இல்லாத நேரடி உதை கிடைக்கும். ஒருவனின் முரட்டுத்தனத்துக்கு அணி முழுவதும் விலை கொடுக்கிறது. ஒழுக்கம் கற்பிக்கும் எங்களுக்கு இவ்விதி மிகப் பிடித்தமானது.

இதற்கு எழும் மறுப்புகளைப் பார்ப்போம்.

'விளையாட்டு வீண், மார்க்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?' என்கிறார்கள் சிலர். பெருநாளன்று அபிசீனியர்கள் ஈட்டி கொண்டு விளையாடியது மஸ்ஜிதுந் நபவியில். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைப் பார்த்து மகிழ நபி (ஸல்) அவர்களே மறைப்பாக நின்றார்கள். விளையாடியோரை உமர் (ரலி) அவர்கள் தடுக்க முற்பட்டபோது, விட்டுவிடுமாறு நபியவர்கள் பணித்தார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. அது போர்ப் பயிற்சிதானே என்பீர்களாயின், நபியவர்கள் தம் துணைவியாருடன் ஓட்டப் பந்தயம் ஓடியது எந்தப் போருக்காக? பள்ளிவாசலிலேயே இடம் பெற்ற விளையாட்டுக்கு, பிரியாணி பரிமாறும் மண்டபத்தில் இடமில்லை என்பது என்ன நியாயம்?

'தரை பாழாகும், கண்ணாடி உடையும்' என்பது அடுத்த மறுப்பு. இது நியாயமான கவலை, தீர்வும் எளிது. விளக்குகளுக்கும் சன்னல்களுக்கும் வலை கட்டலாம். அடிப்பாகம் தட்டையான ரப்பர் காலணி அணிந்தவரையே அனுமதிக்கலாம். வழுக்கும் தரையை உலரத் துடைத்த பின்னரே பந்தை உருட்டலாம். மூன்று மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் உடைய இரும்புக் கம்பத்தை உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துவிடலாம். ஒரு விருந்தில் வீணாகிக் குழிக்குப் போகும் சோற்றின் விலையை எண்ணிப் பார்ப்போருக்கு இச்செலவு பெரிதாகத் தோன்றாது.

'டர்ஃப் இருக்கிறதே, அங்கே போகட்டும்' என்பது மூன்றாவது. இதைத்தான் நாங்கள் வன்மையாக மறுக்கிறோம். டர்ஃப் மணிக்கணக்கில் வாடகை வாங்கும் வணிகம். காசுள்ள வீட்டுப் பிள்ளை உள்ளே ஆடுகிறான். மீன் விற்று வாழும் வீட்டுப் பிள்ளை வலைக்கு வெளியே நின்று பார்க்கிறான். பள்ளிவாசலில் தோளோடு தோள் நிற்கும் இருவரை மாலையில் ஒரு கம்பி வலை பிரிப்பதை ஜமாஅத் வேடிக்கை பார்க்கலாமா? நள்ளிரவு வரை விளக்கெரிய ஆடிவிட்டு ஃபஜ்ரைத் தவறவிடும் இளைஞர்களைத் திட்டுகிறோம். அஸ்ருக்குப் பின் ஆட நாம் இடம் கொடுத்தோமா என்று நம்மை நாமே கேட்பதில்லை.

நிபந்தனைகள் வேண்டும் என்பதில் எங்களுக்கு இருகருத்து இல்லை. முழங்கால் மறையும் உடை கட்டாயம். மஃரிபு பாங்குக்குக் கால் மணி நேரம் முன்பே பந்தை எடுத்துவைத்து ஒளூவுக்குச் செல்ல வேண்டும். வசைச் சொல் வந்தால் அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது. எல்லா அணிகளிடமும் நுழைவுப் பணம் திரட்டி, அதையே வென்றவருக்குப் பரிசாகக் கொடுக்கும் போட்டிகள் கூடவே கூடாது; அது சூதாட்டத்தின் வாசல். பரிசு தர விரும்பும் செல்வந்தர் தம் கையிலிருந்து தரட்டும். அக்கம்பக்கத்துப் பிற சமயப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்திருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு, பெண் ஆசிரியையின் பொறுப்பில், தனி நாள் ஒதுக்க வேண்டும் என்றும் சொல்கிறோம். முகம் சுளிப்போர் ஈரானைப் பார்க்கட்டும். அந்நாட்டுப் பெண்கள் ஹிஜாப் அணிந்தே ஆடி, 2015, 2018 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆசிய ஃபுட்சால் பட்டம் வென்றார்கள். 2016இல் ஈரானின் ஆண்கள் அணி உலகக் கோப்பையில் மூன்றாமிடம் பெற்றது. 2024இல் உலகக் கோப்பையை நடத்திய நாடு, இமாம் புகாரி பிறந்த புகாரா நகரைத் தன்னகத்தே கொண்ட உஸ்பெகிஸ்தான். இவ்விளையாட்டால் அங்கெல்லாம் மார்க்கம் குறைந்துவிடவில்லை.

ஜமாஅத் நிர்வாகிகளே! வரும் ஐப்பசிக்கு முன் ஒரு கூட்டம் போடுங்கள். வாரத்தில் நான்கு நாள், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், ஒரு மழைக்காலம் மட்டும் சோதித்துப் பாருங்கள். பொறுப்பாக உடன் நிற்க உஸ்தாதுகளாகிய நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்பது நபிமொழி காட்டும் பாடம். அவ்வுரிமையைப் பூட்டி வைத்திருக்கும் சாவி இன்று உங்கள் கையில் இருக்கிறது. அமானிதம் குறித்து மறுமையில் கேட்கப்படுவோம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

வலிமையும் நல்லொழுக்கமும் உடைய தலைமுறையை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.