ஏழையின் முகமும் நம் கைபேசியும்

 

கேமராவைக் கையில் ஏந்தியவருக்கு, அதன் எதிரே நிற்பவரின் கண்ணியம் ஓர் அமானிதமாகும். தொலைக்காட்சிச் செய்தியாளர் ஜார்ஜ் அழகையாவின் வாழ்வில் இதற்கு நல்லதொரு பாடம் உண்டு.

அழகையா 1955-இல் கொழும்பில், தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். 1961-இல் அக்குடும்பம் கானாவுக்குப் புலம்பெயர்ந்தது. பின்னர் கல்விக்காக இங்கிலாந்து சென்ற அவர், 1989-இல் பிபிசியில் சேர்ந்தார். ஆப்பிரிக்காவின் பஞ்சங்களையும் போர்களையும், ருவாண்டா இனப்படுகொலையையும் உலகுக்கு எடுத்துரைத்தார். 2003 முதல் பிபிசியின் மாலை ஆறு மணிச் செய்தியை வழங்கினார். புற்றுநோயுற்று 2023 ஜூலையில் காலமானார்.

1990-களின் தொடக்கத்தில், பசியால் வாடிய சோமாலியக் கிராமம் ஒன்றுக்கு அவர் சென்றிருந்தார். அங்கே நலிந்த ஒரு மனிதர் அவரைப் பார்த்து மெல்லப் புன்னகைத்தார். பட்டினியில் புன்னகை எதற்கு? மொழிபெயர்ப்பாளர் வழியே விசாரித்தபோது, இந்நிலையில் பிறர் கண்ணில் பட நேர்ந்ததே என்ற நாணத்தால் எழுந்த புன்னகை அது என்று தெரியவந்தது. படம் எடுக்க வந்தவர் நிலைகுலைந்தார். பெயர்கூடத் தெரியாத அம்மனிதர் தமக்குக் கற்பித்ததை, 2001-இல் வெளியான தம் நூலில் அழகையா பதிவு செய்தார்.

மத்ரஸாவில் சூரத்துல் பகராவின் 273-ஆம் வசனத்தைக் கற்பிக்கும்போது இந்நிகழ்ச்சி நம் நினைவுக்கு வருகிறது. தன்மானத்தால் எவரிடமும் கையேந்தாத ஏழைகளை, விவரம் அறியாதோர் செல்வந்தர் என்றே எண்ணுவர் என்று அவ்வசனம் உணர்த்துகிறது. அந்தத் தன்மானத்திற்கு அல்லாஹ்வின் வேதமே சாட்சியாக நிற்கிறது. அதை ஒரு புகைப்படத்திற்காகக் களைய நமக்கு என்ன உரிமை?

2023 டிசம்பர் வெள்ளத்தை நம் கொற்கைக் கரையோர மக்கள் மறக்க இயலாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. முந்தைய நாள் வரை பிறருக்கு உணவளித்த குடும்பங்களும் மறுநாள் உணவுப் பொட்டலத்தை எதிர்பார்த்து நின்றன. இத்தகைய வேளைகளில் அரிசிப் பையை நீட்டும் கையோடு கைபேசியும் நீள்கிறது. பை ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். படமோ வாட்ஸ்அப் குழுக்களில் ஆண்டுக்கணக்கில் உலவும். நாளை அப்பெண்ணின் மகளுக்கு வரன் பேசும் இடத்திலும் அது வந்து நிற்கக்கூடும்.

"வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவோருக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். அவசியம் காட்ட வேண்டும். பொருள்களின் ரசீது, அடுக்கிய மூட்டைகள், மஹல்லா ஜமாஅத்தின் பதிவேடு ஆகியவை போதாவா? துயரத்தை உலகறியச் செய்வதும் தேவையே; அழகையாவின் பணியும் அதுவே. ஆயினும் நீரில் மூழ்கிய தெருவைக் காட்டுவது வேறு; கூனிக்குறுகி நிற்பவரின் முகத்தைக் காட்டுவது வேறு. வெளிப்படையாகக் கொடுப்பதும் நன்றே, மறைவாக ஏழைகளுக்குக் கொடுப்பது அதனினும் நன்று என்பதே குர்ஆனின் வழிகாட்டல் (2:271). சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் தர்மத்தைப் பாழாக்காதீர் என்ற எச்சரிக்கையும் அதே சூராவில் உள்ளது (2:264).

எனவே, அடுத்த நிவாரணப் பணிக்கு முன்பே ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு முடிவெடுக்கட்டும்: பெறுபவரின் முகம் படத்தில் வராது. அது கொடுப்பவரின் நிய்யத்தையும் காக்கும். பெறுபவரின் மானத்தையும் காக்கும்.

நம் தர்மங்களை முகஸ்துதியிலிருந்து காத்து, வல்ல அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.