பள்ளிப் பிரார்த்தனையும் பெற்றோர் சம்மதமும்

வேலை நிமித்தம் வெளி மாநிலம் வந்த தமிழர்களில் பலரும் பிள்ளைகளைக் 'கான்வென்ட்'டில் சேர்க்கவே விரும்புகின்றனர். இடம் கிடைத்தால் போதும் என்ற நிலையில், மனுவில் எங்கெங்கு கையெழுத்திடுகிறோம் என்று பார்ப்பவர்கள் சிலரே.

கிறிஸ்தவச் சிறுபான்மைப் பள்ளிகளில் பயில்வோரில் சுமார் 74 சதவீதத்தினர் வேறு மதத்தவர் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் தெரிவித்தது. காலைப் பிரார்த்தனையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் அந்த மதத்தைச் சேராதவர்கள் என்பதே இதன் பொருள்.

இந்நிலையில் இருதரப்பிலும் சங்கடம் எழுவது இயல்பு. அஸ்ஸாமில் 2024 பிப்ரவரியில் ஓர் அமைப்பு, பள்ளிகளிலிருந்து சிலுவைகளையும் சொரூபங்களையும் அகற்ற வேண்டும் என்று கெடு விதித்தது. அதே ஏப்ரலில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் அனுப்பியது. பிற மத மாணவர் மீது கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்கக் கூடாது, காலைக் கூட்டத்தில் அரசியல் சட்ட முகவுரையை வாசிக்க வேண்டும், எல்லா மதத்தினருக்கும் பொதுவான பிரார்த்தனை அறை அமைக்கலாம் என்பன அதில் முக்கியமானவை.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு, சிறுபான்மையினர் பள்ளிகளை நிறுவி நடத்தும் உரிமையை அளிக்கிறது. 1974-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, ஆமதாபாத் செயின்ட் சேவியர் கல்லூரி வழக்கில் இவ்வுரிமையை நிலைநாட்டியது. ஆகவே பள்ளி தன் சிலுவையை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் 28-வது பிரிவின் மூன்றாவது உட்பிரிவு பலருக்குத் தெரிவதில்லை. அரசின் அங்கீகாரமோ மானியமோ பெற்ற பள்ளியில், மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளுமாறு எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. மாணவர் மைனராயின் காப்பாளர் சம்மதம் வேண்டும்.

சீருடை விஷயம் வேறு. தலையை மூட அனுமதி கோரிய முஸ்லிம் மாணவிகளின் வழக்கில், கேரள உயர் நீதிமன்றம் 2018-ல் பள்ளி நிர்வாகத்தின் உரிமையே மேலோங்கும் என்றது. வழிபாட்டுக்கு அந்த வாதம் பொருந்தாது. அரசியல் சட்டமே அங்கு தெளிவாகப் பேசுகிறது.

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், மற்றவர்களுக்கு நீதிபோதனை என்று ஒரே மணி நேரத்தில் தனித்தனியே வகுப்பு நடத்துவது பல பள்ளிகளில் பழைய வழக்கம். அதில் தகராறு எழ இடமில்லை. கேட்டால் இடம் போய்விடுமோ என்று பெற்றோர் அஞ்சும் இடத்தில்தான் சிக்கல்.

அச்சத்தால் வருவது சம்மதமாகாது. அதைத் தனியே, வெளிப்படையாகக் கேட்டுப் பெறுவது பள்ளியின் கடமை. படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவது பெற்றோரின் கடமை.