பழைய அச்சுப்பொறியும் கொள்முதல் குழுவும்

ஆய்வுத் துறை ஒன்றுக்கு அச்சுப்பொறி வாங்கக் கூடும் கொள்முதல் குழு கேட்கும் முதற்கேள்வி, குறைந்த விலைப்புள்ளி யாருடையது என்பதே. அப்பொறி பழுதுபட்டால் அதைத் திறந்து சீர்செய்யத் தெரிந்தவர் இந்நகரில் உண்டா என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. இவ்விரண்டாம் கேள்வி முதலில் எழுமானால், பல துறைகள் புதிய மலிவுப் பொறியை விடுத்து, பயன்படுத்தப்பட்ட அலுவலக லேசர் பொறியை நாடும்.

பெங்களூரின் எஸ்.பி. ரோடு இதற்குச் சான்று. ஹெச்பி லேசர்ஜெட் 1020, கேனான் எல்பிபி 2900 ஆகிய இரண்டும் 2000-களின் நடுப்பகுதியில் பரவியவை. இன்றும் அவற்றுக்கு உருளையும் ஃபியூசர் உறையும் கிடைக்கின்றன. டோனர் நிரப்புவோரும் இருக்கின்றனர். இயந்திரத்தின் உறுதி மட்டுமே இதற்குக் காரணமன்று. இரு பெயர்களில் விற்பனையானாலும் இரண்டின் அச்சு இயக்க அமைப்பும் கேனானுடையதே. ஏறத்தாழ 2,000 பக்கம் அச்சிடும் ஒரே அளவுக் கார்ட்ரிட்ஜ் இரண்டுக்கும் பொருந்தும். பரவலாக விற்றதால் உதிரிபாகம் பெருகியது. உதிரிபாகம் பெருகியதால் பழுதுபார்க்கும் அறிவு நிலைத்தது. நீடித்த உழைப்பு என்பது பொறியின் குணமாக இருக்குமளவுக்கு அதைச் சூழ்ந்த சந்தையின் குணமுமாகும்.

எனினும் இவ்விரண்டும் ஒரு துறைக்குப் போதா. இவை அச்சுக்கான கணிப்பைக் கணினியிடமே விட்டுவிடுபவை. கணினியின் இயங்குதளம் மாறி, உரிய டிரைவர் மென்பொருள் வராமற்போனால், பழுதற்ற பொறியும் பயனற்றதாகிவிடும். போஸ்ட்ஸ்கிரிப்ட் அல்லது பிசிஎல் என்னும் பொது அச்சுமொழியைத் தானே புரிந்துகொண்டு, வலைப்பின்னலிலும் இணையும் பொறிக்கு இவ்வச்சம் குறைவு. தாங்குதிறனிலும் வேறுபாடு பெரிது. லேசர்ஜெட் 1020-க்கு உற்பத்தியாளர் குறித்த மாத உச்சவரம்பு 5,000 பக்கம். பி2055டிஎன் வகைக்கு 50,000. தனி ஆய்வாளரின் மேசைக்கு முன்னது தகும். இருபது பேர் பகிரும் அறைக்குப் பின்னதே தகும்.

தேர்வு செய்வதற்கு உறையின் பளபளப்பு அளவுகோலன்று. அமைப்புப் பக்கத்தை அச்சிட்டால், இதுவரை ஓடிய மொத்தப் பக்க எண்ணிக்கையைப் பெரும்பாலான அலுவலகப் பொறிகள் காட்டிவிடும். முழுக்கருமையான ஒரு தாளை அச்சிட்டுப் பார்க்க வேண்டும்; சம இடைவெளியில் ஒரே கறை திரும்பத் திரும்ப வந்தால் ஏதோவோர் உருளை பழுது. அச்சான எழுத்தை விரலால் தேய்த்து, மை உதிர்ந்தால் ஃபியூசரை ஐயுற வேண்டும். இருபுற அச்சிலும் ஐம்பது தாளேனும் சிக்காமல் ஓட வேண்டும்.

பராமரிப்பும் எளியதே. தாள் இழுக்கும் ரப்பர் உருளையை ஈரத்துணியால் துடைத்தல், மழைக்காலத்தில் தாள்கட்டைப் பிரித்துப் போடாதிருத்தல், கட்டடத் தூசு புகாமல் மூடிவைத்தல் ஆகியவை போதும். ஃபியூசர் சூடேறுகையில் பல நூறு வாட் மின்சாரத்தை இழுக்கும். ஆதலின் மின்வெட்டுக்கு அஞ்சிச் சிறிய யுபிஎஸ்ஸில் இணைப்பது இரண்டுக்கும் கேடு.

புதிய பொறிகள் பலவற்றில் கார்ட்ரிட்ஜிலுள்ள சிப், மறுநிரப்பலைத் தடுக்கும் காவலாகவும் அமைகிறது. விற்ற கார்ட்ரிட்ஜைப் பிறர் மீண்டும் நிரப்பி விற்பதைக் காப்புரிமை கொண்டு தடுக்கவியலாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017-இல் லெக்ஸ்மார்க் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் சட்டம் மறுத்ததைச் சிப் நடத்திக்கொள்கிறது. வாங்கும் முன் இதனையும் விசாரித்தறிதல் நன்று.

பழைய பொறிக்கு உத்தரவாதம் இல்லை, தணிக்கையில் கேள்வி எழும் என்பன நியாயமான தடைகளே. ஆயினும் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், பொருள்களைப் புதுப்பித்துத் தருவோரைப் பதிவுக்குரிய ஒரு பிரிவினராக ஏற்கின்றன. அத்தகையோரிடம் ரசீதோடும் குறுகிய கால உத்தரவாதத்தோடும் வாங்க இடமுண்டு. அதுவும் இயலாத நிறுவனம், தன்னிடமுள்ள பொறியை இருப்புப் பதிவேட்டிலிருந்து நீக்குமுன் ஒரு பழுதுபார்ப்பவரிடம் காட்டுவதையேனும் விதியாக்கலாம். தேய்ந்த ஒரு ரப்பர் உருளைக்காக முழுப் பொறியும் குப்பைக்குச் செல்வது சிக்கனமன்று.

இது தளவாடக் கணக்கு மட்டுமன்று. துறையின் பொறி நின்றுபோனால் ஆய்வேட்டுப் படிகளை வெளிக்கடையில் அச்சிடும் செலவு, உதவித்தொகை தாமதமாகும் மாணவரின் தலையிலேயே விழுகிறது. குறைந்த விலைப்புள்ளியில் மிச்சமாகும் தொகை அவருடைய பையிலிருந்து எடுக்கப்படுவதைக் கொள்முதல் குழுவின் எந்தக் கோப்பும் காட்டுவதில்லை.